தாம்பரத்து ஹீபர் ஹால்

இன்டர் முடித்த பிள்ளையைச் சென்னையில் சேர்க்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது தங்குமிடத்தையும் சாப்பாட்டையும்தான். நாயுடுபேட்டையில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குள் இருக்கும் பிஷப் ஹீபர் ஹாலின் கதையைக் கேளுங்கள்.

1837இல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் இது. கல்லூரியாக வளர்ந்த பிறகும் நெடுங்காலம் ஜார்ஜ் டவுன் நெரிசலில்தான் இருந்தது. நம் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும் பிறகு வேலூரிலும் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன், தத்துவம் பயின்றது அந்தப் பழைய கட்டடத்தில்தான். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ வேண்டும் என்று நிர்வாகத்தினர் விரும்பினர். பட்டணத்தில் அதற்கு இடமேது? 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் வழி எளிதாயிற்று. சேலையூர்க் காட்டு நிலத்துக்கு 1937இல் கல்லூரி குடிபெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார். இன்றைய நிழலில் அவர் பங்கு பெரிது.

மாணவர்கள் தங்க மூன்று ஹால்கள்: சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர். விடுதி என்றால் பழைய மாணவர்களுக்குப் பிடிக்காது, 'ஹால்' என்றே சொல்வார்கள்! பெண் பிள்ளைகளுக்கான ஹால்கள் பின்னால் வந்தன.

ஹீபர் என்றதும் திருச்சிக் கல்லூரி நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒருவர் பெயரே. 1823இல் கல்கத்தா பிஷப்பாக வந்த ரெஜினால்ட் ஹீபர், 1826 ஏப்ரலில் திருச்சியில் குளிக்க இறங்கிய இடத்தில் இறந்துபோனார். வயது 42தான். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

ஹாலின் தனிச்சிறப்பு அதன் நடைமுறை. வார்டன் ஓர் ஆசிரியர். ஆனால் அன்றாடப் பொறுப்புகளை மாணவர்களே தேர்ந்தெடுத்த மாணவர்கள் ஏற்கிறார்கள். மெஸ் விவகாரமும் அதில் அடக்கம். வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை அரிசிக் கணக்குப் பார்ப்பான் என்றால் அம்மாக்கள் நம்ப மாட்டார்கள்.

நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். பலருக்கு எழுதத் தெரியாது. பல ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் மூன்று வருடம் இருந்தால் அந்தக் கூச்சம் குறையும் என்பது என் எண்ணம். ஒன்று மட்டும்: கல்லூரியில் சீட் கிடைத்தால் ஹாலிலும் இடம் கிடைத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே அதையும் கேட்டு வையுங்கள்.