சோற்றை விட்டால் போதுமா?

“நாங்க சோத்தை விட்டாச்சுக்கா. ராத்திரிக்கு இப்ப சப்பாத்திதான்.”

செங்காங்கில் வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்றாலும் சரி, ரிவர்வேல் கிரசென்ட்டில் உள்ள அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தாலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் முகத்தில் பெருமிதம். கேட்பவர் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. அந்தப் பெருமிதத்தைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் கேட்டாக வேண்டும்: எத்தனை சப்பாத்தி? தொட்டுக்கொள்ள என்ன?

35 கிராம் ஆட்டா மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான்கு சாப்பிட்டால் 100 கிராம். இரண்டு கோப்பைச் சோற்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லதே. ஆனால் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசாலா வைத்து, மேலே நெய்யும் தடவினால், விட்ட சோறு வேறு வழியாகத் தட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் பொருள்.

உணவில் எதை விட்டோம் என்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். அந்த இடத்தில் எதை வைத்தோம் என்பதில்தான் உடல்நலம் இருக்கிறது. மாவுச்சத்துக்கும் இது பொருந்தும், கொழுப்புக்கும் பொருந்தும்.

நம்மவர்களுக்கு இது தள்ளிப்போடக்கூடிய பேச்சு அன்று. 2016ஆம் ஆண்டு அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவின் மீது போர் அறிவித்தார். மறு ஆண்டு தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் இன வாரியாகக் கணக்குச் சொன்னார். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் 10க்கு 3 பேருக்கு நீரிழிவு. அதே வயது இந்தியர்களில் 10க்கு 6 பேருக்கு. ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் மாத்திரை டப்பாவோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பது இந்தக் கணக்கின்படி வியப்பில்லை.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சேதி உண்டு. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தும் பெரிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது அந்த ஆய்வு. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியை எடுத்துவிட்டு முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் கழித்து, அங்கே பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதம் வந்தபோது ஆபத்து குறைந்தது. கேழ்வரகு, கம்பு என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி, நைஸாக அரைத்த மாவில் கூழும் தோசையுமாக வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாவு எவ்வளவு நைஸோ அவ்வளவு வேகமாக அது சர்க்கரையாகும்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் ஆரோக்கியத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு புரதம், மீதிக் கால் பங்குதான் முழுத்தானியம். இப்போது ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் மலையாகச் சோறு. இலையின் மேல்பக்கத்தில் ஒரு கரண்டி பொரியல், ஒரு கரண்டி கூட்டு. சோறு தீர்வதற்குள் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்க ஆள் வந்துவிடும். அப்போது “சோறு போதும், கூட்டு வைங்க” என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் முகம் சுளிக்காமல் வைப்பார்கள்.

சாப்பிடும் வரிசைக்கும் பங்குண்டு. சிங்கப்பூரின் மருத்துவ ஊட்டச்சத்து ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஜெயகுமார் ஹென்றியின் குழு இதைச் சோதித்தது. காய்கறியையும் இறைச்சியையும் முதலில் தின்று, சோற்றைப் பிறகு தின்றவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறுவது குறைந்தது. செலவே இல்லாத மாற்றம் இது. கூட்டையும் பொரியலையும் முதலில் காலி செய்துவிட்டு, பிறகு சோற்றில் கை வைக்கலாம்.

சோற்றை அடியோடு விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீட்டுச் சமையல் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. எந்த அரிசி என்பதில் மட்டும் கவனம் வேண்டும். செங்காங் பேரங்காடிகளில் எளிதில் கைக்குக் கிடைப்பது தாய்லாந்து மல்லிகை அரிசி. மென்மையாகக் குழையும், அமைலோஸ் என்னும் மாவுச்சத்து வகை குறைவு என்பதால் சர்க்கரையை வேகமாக ஏற்றும். பாசுமதியும் பொன்னிப் புழுங்கலும் அதைவிட நிதானமானவை. வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால் நேரே லிட்டில் இந்தியா. தேக்காவில் இவை மூட்டை மூட்டையாக இருக்கின்றன. வெள்ளை அரிசியோடு கால் பங்கு சிவப்பரிசி கலந்து வடித்தால் பிள்ளைகளும் முரண்டு பிடிப்பதில்லை.

இனி கொழுப்பு. ஞாயிறு காலைக் காப்பிக்கடைக்குப் போவோம். பரோட்டா மாஸ்டர் மைதா உருண்டையைக் கொழுப்பில் ஊறவைத்திருப்பார். அதை எடுத்து வீசி, காகிதமாக விரித்து, மடித்துக் கல்லில் போட்டு, சுற்றிலும் இன்னொரு கரண்டி விடுவார். அருமையான கைவேலை, சந்தேகமில்லை. பக்கத்தில் ஒரு கிளாஸ் தே. அதில் சேரும் டின்னைத் திருப்பிப் பாருங்கள்: பலவற்றில் கிரீமர் என்றே எழுதியிருக்கும். பால் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாமாயில்; மற்றபடி பெரும்பாலும் சர்க்கரை. தீட்டிய மாவு, நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை மூன்றும் ஒரே மேசையில் கூடும் வேளை இது. மாதத்தில் ஒரு நாள் என்றால் ஆனந்தமாகச் சாப்பிடலாம். மற்ற ஞாயிறுகளில் தோசை, கூடுதல் சாம்பார், சர்க்கரை போடாத ஒரு தே சி கோசோங்.

2023இல் உலகச் சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல்படி, நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 11 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. நெய்யில் சுமார் 8 கிராம். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி ஊற்ற வேண்டாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம் பாட்டிமார் புழங்கியவை, நிறைவுற்ற கொழுப்பு அவற்றில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. சூரியகாந்தி, கனோலா எண்ணெய்களில் இன்னும் குறைவு. ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். போத்தலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினால், ஒரு மாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று வீட்டிலேயே தெரியும்.

நெய்யைக் குறைத்துவிட்டு, கொழுப்பில்லாதது என்று விற்கும் இனிப்பு பிஸ்கட்டுக்குப் போனால் இதயத்துக்கு எந்த ஆதாயமும் இல்லை. கடலை, எள், மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றின் கொழுப்பு அந்த இடத்துக்கு வந்தால்தான் ஆதாயம். தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்குபவர்கள் வாரம் இரண்டு நாள் அதைப் பொரிக்காமல், தேங்காய்ப்பால் சேர்க்காமல், புளிக்குழம்பாக வைக்கட்டும்.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரில் பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்குத் தடை. வனஸ்பதியிலும் மார்ஜரினிலும் இருந்த டிரான்ஸ் கொழுப்பின் முக்கிய ஊற்று அதோடு அடைபட்டது. கடைப் பானங்களில் இன்று நாம் பார்க்கும் ஏ முதல் டி வரையிலான நியூட்ரி-கிரேடு, சர்க்கரையோடு நிறைவுற்ற கொழுப்பையும் கணக்கில் எடுக்கிறது.

ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதைப் படித்ததும் நாளையே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தளவு மாறாமல் மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். செங்காங் பலதுறை மருந்தகத்திலோ ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்த உங்கள் குடும்ப மருத்துவரிடமோ முதலில் பேசுங்கள்.

2027 நடுவாக்கில் நியூட்ரி-கிரேடு சமையல் எண்ணெய்க்கும் வரவிருக்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் அடுக்களையில் உள்ள போத்தலை இன்றே திருப்பி, சாச்சுரேட்டட் ஃபேட் (நிறைவுற்ற கொழுப்பு) என்ற வரியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 20க்குக் கீழே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 40, 50 என்று இருந்தால் அடுத்த முறை வேறு போத்தல் வாங்குங்கள்.