கேமரன் மலைக் குளிரில் நான்கு குளோ பிளக்குகள்

நம் நாட்டில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் பலருக்குத் தங்கள் இன்ஜினில் குளோ பிளக் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்திருக்காது. கிள்ளானிலும் ஈப்போவிலும் அது பழுதானாலும் வண்டி எப்படியோ கிளம்பிவிடும். காலையில் கொஞ்சம் இழுக்கும், பின்னால் வெள்ளைப் புகை வரும், அவ்வளவுதான். கேமரன் மலையில் அப்படித் தப்பிக்க முடியாது. அங்கே பிரிஞ்சாங்கில் ஒரு பட்டறையில் தொழிற்பயிற்சி செய்தபோதுதான் இந்தச் சின்னப் பொருளின் அருமை எனக்குப் புரிந்தது. பாடப்புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதே சூட்டை இன்ஜின் பல மடங்காக்குகிறது. அந்தக் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். காற்றை இருபதில் ஒரு பங்காக அழுத்தும் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் எங்கும் வீணாகவில்லை என்றால், 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 730 டிகிரியை எட்டும். 15 டிகிரியில் போன காற்று 680 டிகிரியில் நின்றுவிடும். உள்ளே நுழையும்போது இருந்த 15 டிகிரி வித்தியாசம் 50 டிகிரியாக வளர்ந்துவிடுகிறது. சாவியைத் திருப்பும் நேரத்தில் உண்மை நிலைமை இதைவிட மோசம். ஸ்டார்ட்டர் இன்ஜினை மெதுவாகத்தான் சுற்றுகிறது. இரவு முழுக்கக் குளிர்ந்த இரும்பும் அலுமினியமும் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் காற்றும் கசிகிறது. போதாததற்கு, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சுமார் 15 விழுக்காடு குறைவு.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் குளோ பிளக். விரல் நீள உலோகக் குச்சி. அதன் நுனிக்குள் ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் நுனி சில விநாடிகளில் 850 டிகிரிக்கு மேல் செக்கச் சிவந்துவிடும். சிலிண்டருக்கு ஒன்று வீதம் இருக்கும். பழைய வகை டீசல் இன்ஜின்களில் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சாமல், பக்கத்தில் உள்ள ஒரு சிறிய சுழல் அறைக்குள் பீய்ச்சுவார்கள். அந்த அறையின் சுவர் கூடுதல் சூட்டைத் தின்றுவிடுவதால், அவ்வகை இன்ஜின்கள் குளோ பிளக்கை இன்னும் அதிகமாக நம்பியிருக்கின்றன.

எங்களிடம் வந்ததும் அப்படிப்பட்ட ஒரு பழைய 2.5 லிட்டர் பிக்கப்தான். கம்போங் ராஜா பக்கம் கோஸும் தக்காளியும் பயிரிடும் ஒரு அங்கிளுடையது. விடியும் முன்பே காய்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேகரிப்பு லாரியிடம் சேர்க்க வேண்டும். லாரி யாருக்காகவும் காத்திருக்காது. ஒரே வாரத்தில் இரண்டு முறை வண்டி கிளம்பாமல், பறித்த காய் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் வண்டியில் போயிருக்கிறது. பேட்டரி போய்விட்டது என்று மருமகன் சொல்ல, புதுப் பேட்டரியும் வாங்கிப் போட்டாகிவிட்டது. அதன் பிறகும் அதே கதைதான்.

பேட்டரியைச் சந்தேகிப்பதில் தப்பில்லை. ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுற்றினால் எந்தப் பேட்டரியும் தளர்ந்துதான் போகும். ஆனால் அது நோயின் அறிகுறி. புகைபோக்கியில் வரும் வெள்ளைப் புகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அது சொல்கிறது. டேஷ்போர்டில் எரிந்து அணையும் அந்தச் சுருள் வடிவ மஞ்சள் விளக்கை நம்பிப் பயனில்லை. பழைய வண்டிகளில் அது நேரத்தை மட்டுமே கணக்கிடுகிறது. நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

ஃபோர்மன் அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. கிளாம்ப் மீட்டரை எடுத்து, பிளக்குகளுக்குப் போகும் தடித்த ஒயரில் மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். "தம்பி, எவ்வளவு வரணும்?" என்று கேட்டார். படிவம் மூன்றில் படித்த ஓமின் விதிதான். ஒரு பிளக்குக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை. 12 வோல்ட்டில் 12 ஆம்பியர். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 48க்கு அருகில் வர வேண்டும். மீட்டர் 23 காட்டியது. வேலை செய்வது இரண்டுதான்.

எந்த இரண்டு என்று அறிய, நான்கையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றின் தலைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே தடையை அளந்தோம். முதலாவதும் மூன்றாவதும் 1 ஓம் அளவில் இருந்தன. இரண்டாவதிலும் நான்காவதிலும் மின்சாரம் பாயவே இல்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பட்டைக்கு மின்சாரம் சரியாக வந்ததால் ரிலேயில் குறையில்லை. பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிளக்கைக் கழற்றி நேராக 12 வோல்ட் பேட்டரியில் வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. புதிய வண்டிகளின் பிளக்குகள் பல 12 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் இயங்குபவை. அப்படிச் சோதித்தால் நல்ல பிளக்கும் கருகிவிடும். அதேபோல, கிளம்பாத வண்டியின் காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும் ஆபத்து. உள்ளே சிவந்த நுனி காத்திருக்கிறது, ஸ்பிரே நேரம் கெட்ட நேரத்தில் வெடித்தால் பிஸ்டனே உடையலாம்.

நான்கும் ஒரே வயது என்பதால் நான்கையும் மாற்றுவது என்று முடிவானது. பிளக்கின் விலை சில பத்து ரிங்கிட். ஆனால் கழற்றும்போது அது உள்ளே முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவு, வண்டியும் பல நாள் பட்டறையில் கிடக்கும். குளோ பிளக் வேலையின் முழு பயமும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

அதனால் இன்ஜினைச் சற்றுச் சூடாக்கிய பிறகே கழற்ற ஆரம்பித்தோம். சூட்டில் எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது, ஹெட்டின் பிடி தளரும். முதலில் சுற்றிலும் காற்றடித்து மண்ணை ஊதித் தள்ளினோம். திறந்த துளைக்குள் ஒரு மணல் துகள் விழுந்தாலும் அது நேரே சிலிண்டருக்குத்தான் போகும். மரையில் ஊடுருவும் எண்ணெயை விட்டுக் காத்திருந்தோம். எம்10 மரையுள்ள பிளக்கைக் கழற்ற 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை. 25 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் திருப்புவிசை அது. நீளமான கம்பியை மாட்டினால் நம் கைக்குத் தெரியாமலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவோம். அதனால்தான் அண்ணன் என் கையில் கொடுத்தது குட்டையான ராட்செட்.

மூன்று பிளக்குகள் வந்துவிட்டன. இரண்டாவது மட்டும் கொஞ்சம் முனகியது. அதைப் பாதித் திருப்பு வெளியே, கால் திருப்பு உள்ளே என்று கெஞ்சிக் கெஞ்சிக் கொண்டுவந்தோம். நான்காவது அசையவில்லை. டார்க் ரென்ச் 35ஐத் தொட்டு 'க்ளிக்' என்றது.

அருகில் நின்ற அங்கிளுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் அழுத்துனா வந்துரும் போல இருக்கே, தம்பி."

"வரும் அங்கிள். பாதி வரும், மீதி உள்ளேயே நின்னுரும்" என்றார் அண்ணன்.

பிறகு அவர் எடுத்த முடிவு வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தராதது. வேலையை அங்கேயே நிறுத்தினார். புதிய மூன்று பிளக்குகளைக் கையாலேயே மரையில் ஏற்றி, டார்க் ரென்ச்சில் 15 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பட்டையை மாட்டினார். நான்காவதில் எண்ணெய் விட்டார். "மூணு போதும், கிளம்பும். நாளைக்குச் சாயங்காலம் சூட்டோட கொண்டு வாங்க" என்று வண்டியை அனுப்பிவிட்டார். அன்றைக்கு அரைகுறை வேலைக்கு எப்படிக் காசு கேட்பது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. கேட்கவும் இல்லை.

மறுநாள் விடியற்காலை வண்டி ஒரே சுற்றில் இல்லாவிட்டாலும் கிளம்பியிருக்கிறது, காய் லாரிக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் வந்தது. எண்ணெய் விட்டோம், எல்லை வரை திருப்பினோம், அசையவில்லை, அனுப்பினோம். அதற்கடுத்த மாலை, இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தபோது, ராட்செட்டில் மெல்லிய ஓர் இளக்கம் தெரிந்தது. ஒரு மயிரிழைதான். உடனே இழுக்காமல் உள்ளே திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. இருபது நிமிடம் பிடித்தது. வெளியே வந்த பிளக்கின் நுனியில் கரி அப்பி, தடித்துப் போயிருந்தது. வலுக்கட்டாயமாக இழுத்திருந்தால் அந்த நுனிதான் உள்ளே தங்கியிருக்கும். அதற்குரிய ரீமரில் கிரீஸ் தடவித் துளையிலிருந்த கரியைச் சுரண்டி எடுத்தோம். கரி உள்ளே விழாமல் கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும்.

புதுப் பிளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பியபோது கிளாம்ப் மீட்டர் 46 ஆம்பியர் காட்டியது. அங்கிள் பழைய நான்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கேட்டு வாங்கிக்கொண்டார். பேட்டரி வாங்கச் சொன்ன மருமகனிடம் காட்ட வேண்டுமாம்.