கடற்கரை மணலிலிருந்து திரும்பிய வண்டி

கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச் சொத்துக்களுள் மிக விரைவில் தேய்வது வண்டியே ஆகும். சவுக்கு மரத்தையும் தேங்காயையும் நிலக்கடலை மூட்டைகளையும் கடலோர மணற்பாங்கிலிருந்து சுமந்து வரும் பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் முதுமையால் கெடுவதைக் காட்டிலும் கவனிப்பாரின்மையால் கெடுவதே மிகுதி.

மணல் இவ்வண்டிகளுக்கு ஒவ்வாத இடம் என்று கொள்ளலாகாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர், 2017-இல் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்படும் வரையில், இத்தகைய ஜீப்புகளும் வேன்களுமே மணலிலும் உப்புநீரிலும் மக்களை ஏற்றிச் சென்றன. ஆகவே போகலாம், ஆனால் போய் வந்த பின் செய்யவேண்டியதை விடலாகாது.

கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. நீர் வற்றினாலும் உப்பு இரும்பின்மேல் தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும். மணலோ கிரீஸுடன் கலந்து உப்புத்தாளைப் போல் உறுப்புக்களைத் தேய்க்கும். மணலிலிருந்து திரும்பிய வண்டியில் தோன்றும் கோளாறுகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டின் விளைவேயன்றி, உறுப்பு முறிந்ததன் விளைவல்ல. இதை உணர்ந்தால் வீண் செலவு பாதி குறையும்.

முதல் வேலை

வண்டி திரும்பிய அன்றே, சூடு தணிந்தபின், நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவவேண்டும். சட்டத்தின் உட்புறம், வில்தகடுகளின் இடைவெளி, சக்கரங்களின் உட்புறம் ஆகியவற்றில் நீர் பாய வேண்டும். ஆயில் சீல்களின்மீதும் மின்கம்பி இணைப்புகளின்மீதும் நீரை வேகமாகப் பீய்ச்சலாகாது. பிறகு புரொபெல்லர் தண்டின் இணைப்புகளில், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும் வரை கிரீஸ் ஏற்றவேண்டும். மணலுக்காக டயரில் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலையில் வேகமாக ஓட்டுமுன் மீண்டும் நிரப்பிவிடவேண்டும்.

ஸ்டியரிங் நடுக்கம்

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், ஸ்டியரிங் நடுங்குகிறது என்று கிங்பின் முதலியவற்றை மாற்றப் பெருந்தொகைக்கு மதிப்பீடு தயாராகியிருந்தது. சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தபோது, ரிம்மின் உட்புறத்தில் ஈரமணல் ஒருபக்கமாகக் கட்டிப்பட்டிருந்தது. அதைச் சுரண்டிக் கழுவியதும் நடுக்கம் நின்றது. எளியதை முதலில் பார். செலவுள்ளதைக் கடைசியில் பார் என்பதே இத்துறையின் முதல் விதி.

நடுக்கம் நீங்காவிடில், வண்டியை ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் இருந்தாலும், சுழற்றும்போது நறநறவென்று ஓசை கேட்டாலும், பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்திருந்தால் மாற்றி, புதிய கிரீஸ் அடைத்துப் பூட்டவேண்டும்.

இயக்க நெம்புகோல் சிக்குதல்

நான்கு சக்கர இயக்கத்திலிருந்து நெம்புகோல் வெளிவராவிட்டால் பலர் சுத்தியலைத் தேடுகின்றனர். அது தவறு. கெட்டியான சாலையில் வளையும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் சுழல வேண்டும். பழைய வண்டிகளில் இரண்டும் இறுக இணைந்திருப்பதால் பற்சக்கரங்களில் முறுக்கம் ஏறிவிடுகிறது. சில அடி தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கம் தளர்ந்து, நெம்புகோல் பெரும்பாலும் தானே வெளிவரும்.

எண்ணெயின் நிறம்

ஓடிச் சூடேறிய அச்சுப் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகவோ மூச்சுக்குழாய் வழியாகவோ நீர் உள்ளே இழுக்கப்படும். ஓர் இரவு வண்டியை நிறுத்தி, மறுநாள் காலை டிபரென்ஷியலின் அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்கலாம். நீர் எண்ணெயைவிடக் கனமாதலால், இருந்தால் அதுவே முதலில் சொட்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பது உறுதி. உடனே எண்ணெயை மாற்றி, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, சீலையும் பார்க்கவேண்டும். சில லிட்டர் எண்ணெய்க்குக் கணக்குப் பார்த்தால் பற்சக்கரம் முழுவதற்கும் விலை கொடுக்க நேரும்.

பிரேக், சூடு, மின்சாரம்

வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ பிரேக் கிறீச்சிட்டாலோ, டிரம்மைக் கழற்றி மணலைக் கழுவி உலர்த்தவேண்டும். ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டிச் சோதித்த பின்னரே பாரம் ஏற்றவேண்டும். இதில் பணம் மட்டுமல்ல, உயிரும் அடங்கியிருக்கிறது. நனைந்த வண்டியைக் கைப்பிரேக் போட்டு இரவில் நிறுத்தினால் லைனிங் டிரம்முடன் ஒட்டிக்கொள்ளக்கூடும். சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பதே நலம்.

எஞ்சின் சூடேறினால், ரேடியேட்டரின் இடுக்குகளில் மணலும் சருகும் அடைத்துள்ளனவா என்று பார்த்து, எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாக நீர் விடவேண்டும். எண்ணெய்த் தொட்டியுள்ள பழைய ஏர் பில்டராயின், அடியில் படிந்த மணலை நீக்கி எண்ணெயை மாற்றவேண்டும். பேட்டரி நன்றாயிருந்தும் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுழன்றால், சட்டத்துடன் இணையும் எர்த் கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.

சங்கத்தின் கடமை

ஒவ்வொரு சங்கமும் வண்டிக்கெனத் தனிப் பதிவேடு வைத்தல் அவசியம். சென்ற நாள், தூரம், உப்புநீர் பட்டதா, கழுவியவர் யார், எண்ணெய் பார்க்கப்பட்டதா என்னும் ஐந்தும் அதில் இருந்தால் போதும். பழுதுபார்ப்பு மதிப்பீடு வரும்போது நிர்வாகக் குழுவினர் முதலில் இப்பதிவேட்டைக் கேட்கவேண்டும். ஓட்டுநரைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. கழுவுவதற்கு வேண்டிய நீரும் நேரமும் கிரீஸும் அவருக்குத் தரப்பட்டனவா என்பதையும் அப்பதிவேடே காட்டிவிடும்.

வண்டி ஒரு வாரம் நின்றால் அங்கத்தினரின் விளைபொருள் களத்திலேயே நின்றுவிடும். வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணம் அவர்தம் பங்காதாயத்திலிருந்தே கழியும். மாலையில் ஒரு மணி நேர உழைப்பு இவ்விழப்பைத் தடுக்குமாயின், அதைச் செய்யாதிருக்க நமக்கு என்ன காரணம் உண்டு?