மக்காச்சோளம் காயும் சாலையில் லாரி வரும்போது

சின்னசேலம் வட்டம் நைனார்பாளையத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் மக்காச்சோள அறுவடை முடிந்தால் தார்ச்சாலையில் பாதி களமாகிவிடும். களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார்? சோளத்தைச் சுற்றிக் கற்களை அடுக்கி எல்லை கட்டுகிறார். அந்தச் சோளத்தை ஏற்ற வரும் லாரியும், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி லோடு கொண்டுபோகும் லாரியும், கரும்பு டிராக்டரும் மிச்சமுள்ள பாதியில்தான் வந்தாக வேண்டும். நம் பைக்கும் பிள்ளைகளின் சைக்கிளும் அதே பாதியில்தான்.

மோதல் நடந்துவிட்டால் "லாரிக்காரன் அடிச்சிட்டான்" என்பதோடு ஊர்ப்பேச்சு முடிந்துவிடுகிறது. வேகமாக ஓட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால், லோடு ஏற்றிய லாரியால் எதைச் செய்யவே முடியாது என்பது பைக் ஓட்டுகிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், நினைத்த இடத்தில் அதை நிறுத்த முடியாது. பத்துச் சக்கர லாரி லோடோடு சுமார் 28 டன் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 17 மீட்டர் போகிறது. டிரைவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, ஏர் பிரேக்கின் காற்று சக்கரங்களுக்குப் போய்ச் சேர இரண்டு நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 34 மீட்டர் கடந்திருக்கும். சாலையில் சோளம் சிதறிக் கிடந்தால் டயருக்குப் பிடிமானமும் குறையும். லாரியை முந்தியதும் அதன் மூக்குக்கு முன்னால் பைக்கைத் திருப்பி டீக்கடையில் நிறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இடப்பக்கம். நீளமான லாரி இடது பக்கம் திரும்ப, முதலில் வலது பக்கம் ஒதுங்கும். இடதில் இடைவெளி விழும். 'வழி கிடைத்தது' என்று பைக் அதற்குள் நுழையும். பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராமல், உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிரைவரோ உயரமான கேபினில் வலது ஓரத்தில் இருக்கிறார். இடது கதவையொட்டி நிற்கும் பைக் அவர் கண்ணில் படாது. முன்பெல்லாம் கிளீனர் தலையை நீட்டிக் கதவைத் தட்டிக் குரல் கொடுப்பார். இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலம்-உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களின் புறவழிகள் நெடுங்காலம் இருவழியாகவே இருந்தன. நாலுவழியில் வந்த வேகத்தோடு இருவழிக்குள் நுழைந்து முந்தப் போய் நேருக்கு நேர் மோதிப் போன உயிர்கள் எத்தனையோ. 2022இல் மட்டும் தமிழகச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர்.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பாதையில், இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். அது மரியாதைக்காகச் சொன்னதல்ல, சட்டம். லோடோடு மேட்டில் நின்றுவிட்ட லாரியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவர்களுக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்றது. லோடு ஏற்றக் காத்துக் கிடந்து, இரவெல்லாம் ஓட்டுகிற எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நல்லதுதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளின் கேபின்களில் வெக்கை அப்படியேதான் இருக்கிறது. தூக்கமில்லாத அந்தக் கண்களில் ஹைபீம் அடிக்காமல் டிம் செய்வது நம்மால் முடிந்த காரியம்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொழுது சாயும் முன் சோளத்தை அள்ளும்போது, எல்லை கட்டிய கற்களையும் சாலையிலிருந்து எடுத்துவிடுங்கள். கரும்பு ஏற்றும் டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிரும் பட்டையை ஒட்டாமல் ராத்திரியில் சாலைக்கு அனுப்பாதீர்கள். ஊராட்சிகள் இந்த அறுவடைக்குள் கூடுதல் களம் கட்டித் தர வேண்டும்.