பேசிவிடுவான் என்று காத்திருக்கலாமா?



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி தன் மகனைத் தூக்கிக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். பையனுக்கு இரண்டு வயது. "பேச்சு வரலை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்கிறான்" என்றார். "ஆம்பளைப் பிள்ளை கொஞ்சம் தாமதமாத்தான் பேசும்மா" என்று சொல்லி அனுப்பியவன் நான்தான். இந்த ஆண்டு அவர் மீண்டும் வந்தபோது பையனுக்கு ஐந்து வயது நெருங்கிவிட்டது. டாக்டர் பார்த்து ஆட்டிசம் என்றார். ஆறுதல் என்று நினைத்து நான் சொன்ன ஒரு சொல்லால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுகள் போயின.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தாயின் வளர்ப்புக் குறையால் வருவதல்ல. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்:

• ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது.
• ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது.
• இரண்டு வயதாகியும் 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்லாதது.
• எந்த வயதிலும், சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோவது.

இவை இருந்தாலே ஆட்டிசம் என்று பொருளல்ல. காது கேட்காத குறையாக இருக்கலாம், வெறும் பேச்சுத் தாமதமாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

நம் வீடுகளில் தள்ளிப்போடச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. "வீட்டில் உருது, தெருவில் தமிழ், அதனால் குழம்பிட்டான்" என்பார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. விரல் நீட்டிக் காட்ட எந்த மொழியும் தேவையில்லை. "செல்போன்தான் காரணம்" என்பார்கள். போனைக் குறையுங்கள், நல்லது. அதற்காக ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். "ஓதிப் பார்க்கிறோம்" என்பார்கள். தாராளமாக ஓதுங்கள், துஆ செய்யுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே.

குரலைத் தாழ்த்திச் சொல்லும் காரணம் இன்னொன்று: "பேர் வெளியே வந்தால் இவன் அக்காவுக்கு எப்படி நிகாஹ் நடக்கும்?" இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பரிசோதனைக்குப் போனால் யாருக்கும் அறிவிப்பு போகாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்பது வேறு. நீங்கள் விண்ணப்பித்தால்தான் அது வரும். மறைத்து வைத்தாலும் பள்ளியில் சேர்க்கும்போது தெரிந்துவிடும். அதற்குள் பயிற்சிக்கு மிக உகந்த சின்ன வயது கடந்திருக்கும்.

பரிசோதனை கடினமானதல்ல. ரத்தத்திலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குழந்தை விளையாடுவதைக் கவனிப்பார்கள், பெற்றோரிடம் நிறையக் கேட்பார்கள். குழந்தை எப்போது உட்கார்ந்தது, நடந்தது என்ற குறிப்பையும், வீட்டில் எடுத்த சிறு வீடியோக்களையும் கொண்டுபோங்கள்.

அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. பின்னால் சான்றிதழ் வாங்கினால் அரசு உதவிகளும் கேட்கலாம். முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிவைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

தனியே போகத் தயங்குபவர்கள் வியாழன்தோறும் அஸ்ர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். உடன் ஒருவர் வருவார், பயணச் செலவை அறக்கட்டளை ஏற்கும். விஷயம் வெளியே போகாது.

அந்தப் பையன் இப்போது பயிற்சிக்குப் போகிறான். சென்ற மாதம் முதன்முதலாகத் தண்ணீர்க் குடத்தை விரலால் காட்டினானாம். அவன் உம்மா வந்து சொல்லிவிட்டு அழுதார். அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்