விசையை அழுத்தும் முன்: எல்க் மான் வேட்டையின் அறிவியல்

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து மலைச் சாலைகளில் ஆரஞ்சு மேலாடைகள் தென்படத் தொடங்கிவிடும். ரைஃபிள் ஏந்தி எல்க் மானைத் தேடிப் போகும் பருவம் அது. வளர்ந்த ஆண் எல்க் தோள்வரை ஐந்தடி உயரம் இருக்கும். எடை 300 கிலோவைத் தாண்டும். சுமார் 2.8 லட்சம் எல்க் மான்கள் கொலராடோவில் மட்டும் வாழ்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இருந்தும், போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

வேட்டை என்றதும் நம் கண்முன் வருவது துப்பாக்கி. உண்மையில் விசையை அழுத்துவது ஒரு நொடி வேலை. அந்த நொடிக்கு முன்னால் பல மாதத் தயாரிப்பு இருக்கிறது. இயற்பியல், உடலியங்கியல், வானிலை, நுண்ணுயிரியல் என எல்லாமே அதில் வந்து சேர்கின்றன. இவ்வளவும் ஒரே கேள்விக்கு விடை காணத்தான்: எந்த நிலையில் சுடக் கூடாது?

முதல் தயாரிப்பு காகிதத்தில் நடக்கிறது. கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றால்தான் உரிமம் வாங்க முடியும். எந்தப் பகுதி, எந்தப் பருவம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் உரிமத்திலேயே இருக்கும். பல பகுதிகளுக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தலாம் என்பதும் சட்டத்தில் உண்டு. எல்க் மானுக்கான குண்டு குறைந்தது 85 கிரெய்ன், அதாவது சுமார் 5.5 கிராம் இருக்க வேண்டும். உடலில் பட்டதும் விரிவடையும் வகையாகவும் இருக்க வேண்டும்.

குண்டு நேர்கோட்டில் போவதில்லை

ரைஃபிள் குழலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே குண்டைப் புவியீர்ப்பு கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. காற்றின் தடை அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. எல்க் வேட்டையில் பலர் கையாளும் .30-06 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது இது. இதன் 180 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 200 மீட்டரில் சரியாகக் குறியில் படும்படி, ரைஃபிள் மேலுள்ள குறிநோக்கியான ஸ்கோப்பை அமைத்தால், 100 மீட்டரில் அது ஏறத்தாழ 6 செ.மீ. மேலே படும். 300 மீட்டரில் சுமார் 25 செ.மீ. கீழே இறங்கிவிடும். 400 மீட்டருக்குப் போனால் இறக்கம் முக்கால் மீட்டரை எட்டும். எல்க் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஓரடிக்குச் சற்றே பெரிது. தூரத்தைக் கண்மதிப்பில் நூறு மீட்டர் தவறாகக் கணித்தாலே போதும், குறி தப்பிவிடும். லேசர் தூரமானி இன்று வேட்டைக்காரர்களின் கழுத்தில் தொங்குவது இதனால்தான். ஒளித்துடிப்பு 300 மீட்டர் போய்த் திரும்ப ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து கருவி தூரத்தைச் சொல்கிறது.

மலைச்சரிவில் இன்னொரு கணக்கும் சேரும். 30 பாகைச் சரிவில், நேர்கோட்டில் 300 மீட்டர் தள்ளி நிற்கும் மானைச் சுடுவதாக வைத்துக்கொள்வோம். குண்டின் இறக்கத்தைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரம். அது 260 மீட்டர்தான். 300 என்று நினைத்துச் சுட்டால் குண்டு குறிக்கு மேலே படும். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் இதே கதைதான்.

ஸ்கோப்பை அமைக்கும் வேலை ஒரு மேசையில் தொடங்குகிறது. மணல் பைகளின் மேல் ரைஃபிளைக் கிடத்தி, 100 மீட்டர் தள்ளியிருக்கும் காகித இலக்கில் மூன்று குண்டுகளைச் சுடுகிறார்கள். மூன்று துளைகளின் நடுப்புள்ளி, குறி வைத்த இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்கிறார்கள். பெரும்பாலான ஸ்கோப்புகளில் திருகை ஒரு ‘கிளிக்’ திருப்பினால், 100 மீட்டரில் குண்டு படும் இடம் ஏறத்தாழ 7 மி.மீ. நகரும். 5 செ.மீ. இடதுபுறம் போயிருந்தால் வலப்பக்கமாக ஏழு கிளிக். குழல் சூடாகிவிட்டால் குண்டு படும் இடமும் மாறக்கூடும் என்பதால் ஆறவிட்டு மறுபடியும் மூன்று குண்டுகள். காட்டில் முதல் குண்டு எப்போதும் குளிர்ந்த குழலிலிருந்துதான் கிளம்பும்.

மேசையில் சரியாகச் சுடுபவர் காட்டிலும் அப்படியே சுடுவார் என்று சொல்ல முடியாது. காட்டில் மேசை இருக்காது, மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஆகவே மண்டியிட்டு, உட்கார்ந்து, முதுகுப்பை மேல் சாய்த்து, கொஞ்ச தூரம் ஓடிவந்து மூச்சிரைக்க என்று பல நிலைகளில் பழக வேண்டும். பின்னுதைப்புக்குப் பயந்து விசையை அழுத்தும்போதே கண்ணை மூடித் தோளைச் சிலிர்க்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. இதைப் போக்கத் தோட்டா இல்லாத துப்பாக்கியில் விசையை மட்டும் அழுத்திப் பழகுகிறார்கள். நார்வேயில் சுடும் பயிற்சி சட்டமாகவே இருக்கிறது. பெரிய விலங்குகளை வேட்டையாட விரும்புபவர் அங்கே ஆண்டுதோறும் முதலில் 30 குண்டுகள் பயிற்சியாகச் சுட வேண்டும். பிறகு 100 மீட்டரில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் பதிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை.

இவ்வளவு தேறியவரும் நடந்து கொண்டிருக்கும் மானைத் தொலைவிலிருந்து சுடத் தயங்குவார். 300 மீட்டரைக் கடக்கக் குண்டுக்குச் சுமார் 0.4 நொடி ஆகும். நிதானமாக மேய்ந்தபடி நடக்கும் மானும் அந்த நேரத்தில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் படும். பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், அதே தூரத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் ஒதுங்கிவிடும்.

மூச்சும் காலும்

எல்க் வேட்டை பெரும்பாலும் 2,500 முதல் 3,500 மீட்டர் உயரத்தில் நடக்கிறது. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. சமவெளியிலிருந்து நேராக அங்கே போய் இறங்குபவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். உடல் முதலில் வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கப் பார்க்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அனுபவசாலிகள் வேட்டை தொடங்க ஓரிரு நாள் முன்பே போய், சற்றுத் தாழ்வான இடத்தில் தங்கிப் பழகிக்கொள்கிறார்கள். மலை உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு. கடல்மட்டத்தில் அமைத்த குறி மலையில் தொலைவுக்குப் போகப் போகக் கொஞ்சம் மேலே படுவதற்கு இதுவே காரணம். ஊரில் அமைத்த ஸ்கோப்பை மலையில் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும்.

காலுக்கான பயிற்சியில் பலர் ஏற்றத்தை மட்டும் நினைக்கிறார்கள். மறுநாள் தொடை கடுகடுவென்று வலிப்பது இறக்கத்தால்தான். கீழே இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது; தசை இழைகளில் நுண்ணிய சேதம் அப்போதுதான் அதிகம். ஆனால் இறங்கும் பயிற்சியை முன்கூட்டியே சில முறை செய்துவிட்டால், அடுத்தடுத்த முறைகளில் சேதம் வெகுவாகக் குறைகிறது. முதுகில் எடை சுமந்து படியேறுவதோடு படியிறங்குவதையும் கோடையிலேயே தொடங்கிவிட வேண்டும். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதுதான்.

மூக்கை ஏமாற்ற முடியாது

எல்க் மானின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை மட்டும் முடியாது. மனித வாடை ஒருமுறை பட்டுவிட்டால் மந்தையே அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அதனால் வேட்டைக்காரர் பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி இருக்கும். உள்ளே மெல்லிய வெள்ளைப் பொடி. குப்பியை அமுக்கினால் பொடி பறந்து, காற்று போகும் திசையைக் காட்டும். முகத்தில் உணர முடியாத அளவுக்கு மெல்லிய நகர்வையும் அது காட்டிவிடும்.

மலையில் காற்றுக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். சூரியன் ஏறிச் சரிவு சூடானதும் காற்று இலேசாகி மேலே ஏறும். மாலையில் மறுபடி திசை மாறும். விடியற்காலையில் மானுக்குக் கீழேயிருந்து நெருங்கினால் வாடை அதை எட்டாது. முற்பகல் ஆனதும் அதே வழி காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாற்றம் எப்போது நிகழும் என்று கணித்து நகர்வதுதான் எல்க் வேட்டையில் கடினமான திறமை.

அப்படியானால் பளீரென்ற ஆரஞ்சு மேலாடை எதற்கு? அது மனிதர்களுக்காக. இன்னொருவர் உங்களை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது. கொலராடோவில் ரைஃபிள் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும். தலையிலும் அதே நிறம் வேண்டும். மனிதக் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. மான் குடும்பத்துக்கு இரண்டு வகைதான். சிவப்பு, ஆரஞ்சு அலைநீளங்களைத் தனியே பிரித்தறியும் செல் அவற்றுக்குக் கிடையாது. நமக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, மானுக்குச் சுற்றியுள்ள இலை நிறங்களோடு கலந்துவிடும். நீலம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். நீல ஜீன்ஸை வேட்டைக்காரர்கள் தவிர்ப்பது இதனால்தான். துணிக்கு வெண்மை கூட்டும் சலவைத்தூளும் அவர்களுக்கு ஆகாது; அதிலுள்ள வேதிப்பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும்.

உடையில் இன்னொரு எதிரி பருத்தி. நம் வெயிலுக்கு ஏற்ற துணி, மலைக்குளிரில் ஆபத்தாகிவிடுகிறது. ஏற்றத்தில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். உச்சியில் உட்கார்ந்ததும் நடுக்கம் தொடங்கும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அறிவும் தடுமாறும். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் கதகதப்பை விடாது. மெல்லிய கம்பளி உள்ளாடை, நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் ஓர் அடுக்கு, மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் உறை. ஏறும் முன்பே ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சுட்ட பிறகுதான் வேலை

குண்டு பட்ட மான் உடனே விழாமல் ஓடலாம். அவசரப்பட்டுத் துரத்தினால் அது மைல்கணக்கில் போய்விடும். முதலில் அது நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு கூடிய இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. அரை மணி நேரத்தில் அருகிலேயே கிடைக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையாக இரைப்பைச் சாறு கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று பொருள். பல மணி நேரம் காத்திருந்து பின்தொடர வேண்டும். தவறான குறியின் விலை அந்த விலங்கின் வேதனை.

விழுந்த மானின் உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி. உள்ளே காற்று நிறைந்த முடியும் தடித்த தோலும் அந்த வெப்பத்தை வெளியே விடாது. தோலை உரிக்காமல் இரவு முழுக்க விட்டால், வெளியே உறைபனி பெய்தாலும் பின்னந்தொடையில் எலும்பை ஒட்டிய கறி கெட்டுவிடும். ஆகவே உடனே தோலை உரிக்கிறார்கள். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்துத் தோலின் உட்புறத்திலிருந்து வெட்டினால் முடி அறுபட்டுக் கறியில் ஒட்டாது. முன்சப்பை, பின்னந்தொடை என்று பிரித்துக் காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடுகிறார்கள். பெரிய ஆணின் கறி எலும்பு நீக்கிய பிறகும் 100 கிலோ அளவு தேறும். ஒருவர் 25 கிலோ சுமந்தால் நான்கு நடை. வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் சுடலாம் என்பதைக் கால்வலு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. உண்ணத்தக்க கறியை அங்கேயே விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம்.

குண்டின் உலோகம்கூட இன்று விவாதப் பொருள்தான். ஈயக் குண்டு உடலில் பட்டதும் நுண்துகள்களாகச் சிதறுகிறது. கழிவைத் தின்னும் கழுகுகளுக்கு அது நஞ்சு. காண்டர் கழுகைக் காக்க, கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுக்கு முழுத் தடை விதித்தது. செம்புக் குண்டு சிதறுவதில்லை. ஆனால் ஈயத்தைவிட அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்கு நீளம் கூடும். குறியைப் புதிதாக அமைக்க வேண்டும். பிரியான் என்னும் உருமாறிய புரதத்தால் வந்து மான்களைக் கொல்லும் நோய் இன்னொரு கவலை. 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்தில்தான் அது முதலில் கவனத்துக்கு வந்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. சமைத்தாலும் பிரியான் அழியாது என்பதால், நிணநீர்க் கணுவைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்த பிறகே கறியைச் சமைப்பது நல்லது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமளிக்கவில்லை. நம் காடுகளின் நிலைக்கு அதுவே சரி. அமெரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வன உயிரினப் பணிக்குப் போகிறது. ஒருகாலத்தில் அழிவின் விளிம்புக்குப் போன எல்க் மீண்டதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. எந்த வழியானாலும் ஓர் உயிரை எடுக்கும் உரிமையை அரசு ஒருவரிடம் கொடுக்கிறது என்றால், அதற்கு முன் நார்வே போல ஐந்து குண்டுகளை அவர் காகிதத்தில் பதித்துக் காட்டட்டும். உரிமக் கட்டணத்தோடு அந்தத் தேர்வையும் எல்லா நாடுகளும் கட்டாயமாக்க வேண்டும்.