கும்புக்கன் ஆற்றங்கரையில் கூடாரம்

சித்திரை விடுமுறை நெருங்கியதும் எமது இல்லத்தில் வழமையான வழக்கு எழுந்தது. நுவரெலியாவுக்குச் செல்லவேண்டும் என்பது துணைவியாரின் விருப்பம். கடல் பார்க்கவேண்டும் என்பது பிள்ளைகளின் பிடிவாதம். சித்திரை மாதத்து நுவரெலியாவைக் கண்டவர்கள் அறிவார்கள். கொழும்பு முழுவதும் மலையேறி வந்து, தன் இரைச்சலையும் மறவாமல் உடன்கொண்டு வந்து அங்கே இறக்கியிருக்கும். விடுமுறைக் கடற்கரையிலோ ஒலிபெருக்கிக்கு உறக்கமே கிடையாது. "மனிதக் குரலே கேளாத ஓர் ஆற்றங்கரையில் இரண்டு இரவு தங்கினால் என்ன?" என்று நாம் கேட்டோம். கேட்ட குற்றத்துக்கு ஏற்பாடு முழுவதும் எம் தலையில் விழுந்தது.

ஆறுகளுக்கு இந்நாட்டிற் பஞ்சமில்லை. வில்பத்துக் காட்டின் வடவெல்லையாக மோதரகம் ஆறும், தென்னெல்லையாகக் கலா ஓயாவும் ஓடுகின்றன. வஸ்கமுவக் காட்டுக்கு ஒருபுறம் மகாவலி, மறுபுறம் அம்பன் கங்கை. ஆயினும் நாம் கும்புக்கன் ஓயாவையே தெரிந்தெடுத்தோம். லுணுகலைப் பக்கத்து மலைகளிற் பிறந்து, மொனராகலைச் சீமையைக் கடந்து, 116 கிலோமீற்றர் ஓடிக் கடலிற் கலக்கும் ஆறு அது. பறவைகளுக்குப் பேர்போன குமண தேசியப் பூங்காவுக்கு அதுவே தெற்கெல்லை. முன்னர் கிழக்கு யால என வழங்கிய இப்பூங்கா, போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. குமண என்ற பெயரைப் பெற்றது 2006 இல். பொத்துவிலிலிருந்து தெற்கே சென்று பாணமையையும் கடந்துவிட்டால் பின்னர் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியும் மெல்ல வாயடைத்துப் போகிறது. எமக்கு வேண்டியதும் அதுவே.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரம் அடிக்கும் உரிமை இப்பூங்காக்களில் எவருக்கும் இல்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அவர்கள் ஒதுக்கும் முகாமிடத்திலேயே தங்கவேண்டும். "அவ்வாறாயின் தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் வினவலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால், ஒதுக்கப்பட்ட இடத்துக்குள்ளும் பாயை எங்கே விரிப்பது என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. அதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உகந்தை முருகனை வணங்கி, பூங்கா வாயிலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டி, காட்டுப் பாதையிற் புகுந்து ஆற்றை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. இரு கரையிலும் வானளாவிய மருத மரங்கள். சிங்களத்திற் 'கும்புக்' என்பது இம்மரத்தையே. வெளிறிய பட்டையும், நீரை நோக்கிப் புடைத்தோடும் வேர்களுமாக அவை நின்றன. நடுவே கணுக்காலளவு தெளிந்த நீர். அதன் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று அகன்ற மணற்றிட்டு. பிள்ளைகள் ஜீப் நிற்குமுன்னரே குதித்துவிட்டார்கள். இளையவன் தன் சிவப்பு வாளியால் மணலிலே கிணறு தோண்டத் தொடங்கினான். இதற்கு மேலும் ஓர் இடம் உண்டோ என்று நாம் படங்கை எடுத்து மணலில் விரித்தோம்.

எம்முடன் வந்த வழிகாட்டி பாணமைக்காரர். சிங்களமும் தமிழும் ஒரே வீட்டிற் புழங்கும் ஊர் அது. அவர் மரத்தடியிலே நின்றபடி, "ஐயா, அதில வேணாம். மேல வாங்க" என்றார்.

"ஏன் பெரியவரே? வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிறதே!"

"இஞ்ச வானம் நல்லந்தான். மொனராகலைப் பக்கம் பெய்யிற மழைய இந்த ஆறு வந்துதான் நமக்குச் சொல்லும்."

சித்திரையில் மலைப்பக்கத்தே பிற்பகல் இடிமழை பெய்வது வழக்கம். அந்நீர் கீழே வந்து சேரும் வேளையில் இங்கே நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருக்கலாம். துணைவியார் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். எமக்குச் சற்று மனத்தாங்கல்தான். எனினும் படங்கைச் சுருட்டினோம்.

மேலே ஏறியதும் அவர் ஒரு மருதங் கிளையைச் சுட்டிக் காட்டினார். எமது தலைக்கும் மேலே, கிளைக் கவட்டில் வைக்கோலும் சுள்ளியும் சிக்கிக் காய்ந்திருந்தன. நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்று. மாரி வெள்ளம் தன் உயரத்தைத் தானே குறித்துவிட்டுப் போயிருந்தது! ஆற்றங்கரையில் தங்க விரும்புவோர் நிலத்தைப் பார்க்குமுன் மரத்தைப் பார்க்கவேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அடுத்து, கரை மெதுவாகச் சரிந்து நீரைத் தொடும் ஓரிடத்தை நாமே கண்டுபிடித்து, தண்ணீர் எடுக்க வசதியாயிருக்கும் என்று பெருமையுடன் சொன்னோம். பெரியவர் பேசாமல் அருகிலிருந்த மரத்தைத் தடவினார். கை எட்டாத உயரம் வரை சேறு அப்பி உலர்ந்திருந்தது. "ஆனை இறங்கிற துறை, ஐயா. முதுகு சொறியிற மரம் இது." எமக்கு வசதியான சரிவு யானைக்கும் மானுக்கும் வசதி, முதலை கரையேறுவதற்கும் அதுவே வசதி. ஆகவே செங்குத்தான கரையின் மேற்புறமே மனிதனுக்கு உகந்தது. பாலை மரத்தடியும் ஆகாதாம். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடி அதைத் தேடி வரும். மரத்தின் மேலே ஏறியிருக்கும் கரடி இறங்கும் வேளையில் கீழே நாம் உறங்கிக்கொண்டிருப்பது இருவருக்கும் நன்றன்று. பட்ட கிளையின் கீழும் கூடாரம் கூடாது. காற்றில்லாத இரவிலும் அது முறியும்.

இறுதியில் அவர் தெரிவு செய்த இடம், உண்மையைச் சொன்னால், எமக்குப் பிடிக்கவில்லை. கரையிலிருந்து முப்பது அடி தள்ளிய மேட்டு நிலம். அங்கிருந்து ஆறு இரண்டு அடிமரங்களுக்கிடையே ஒரு கீற்றாகவே தெரிந்தது. ஆற்றைப் பார்ப்பதற்கு இனிய இடம் வேறு, ஆற்றோரம் உறங்குவதற்கு ஏற்ற இடம் வேறு என்பதை மனம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று தேநீர் அருந்தும்போது கேட்டோம். சிறுவயதில் கதிர்காமத்துக்கு நடந்து போனவர்களிடம் என்றார். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் உகந்தையிலிருந்து காட்டுக்குட் புகுந்து, இந்த ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிச் செல்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். மணலில் ஊற்றுத் தோண்டி நீர் அருந்துவதும் அவர்கள் கண்ட வழியே. உற்சவத்தையொட்டிக் காட்டுப் பாதை திறக்கப்படும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் இக்கரையில் நீராடுவார்கள். அமைதியை நாடுவோர் அந்நாட்களை அவர்களுக்கே விட்டுவிடுவது முறை.

பொழுது சாய்ந்ததும் பெரியவர் எவரையும் நீரில் இறங்கவிடவில்லை. ஆற்று மடுக்களில் முதலை உண்டு. அடிமணல் தெரியும் ஆழத்தில், பகல் வெளிச்சத்தில் மட்டுமே நீராடலாம். வாழைப்பழச் சீப்பையும் அரிசிப் பையையும் கூடாரத்திலிருந்து எடுத்து ஜீப்பினுட் பூட்டச் சொன்னார். பழவாசனைக்கு யானை கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வருமாம். மூத்தவள் அன்றிரவு தன் தலையணைக்குக் கீழ் ஒளித்து வைத்திருந்த மாம்பழத்தையும் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

சுமார் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டோம். காய்ந்த தென்னோலையை எவரோ தரையில் இழுத்துச் செல்வது போன்ற ஓசை. மழையில்லை, வானத்தில் மேகமுமில்லை. பெரியவர் ஏற்கெனவே எழுந்து கரையோரம் நின்றிருந்தார். எமது ரோச் விளக்கின் ஒளியில் மணற்றிட்டைத் தேடினோம். காணவில்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கபில நிறத்து வெள்ளம், மரக்கிளைகளைச் சுழற்றிக்கொண்டு, அதிக ஆரவாரமின்றிப் போய்க்கொண்டிருந்தது. படங்கை விரித்த இடம் எது என்று குறிப்பிட முயன்றோம், முடியவில்லை.

"உறங்குங்க, ஐயா. இஞ்ச வராது" என்றார் பெரியவர்.

நாம் உறங்கவில்லை. பிள்ளைகள் உறங்கும் மூச்சொலியைக் கேட்டபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். துணைவியாரும் விழித்திருந்தார் என்பது காலையிலேதான் தெரிந்தது.

விடிந்தபோது நீர் பாதி வடிந்துவிட்டது. நாம் மெச்சிய அந்தச் சரிவிலே புதுச் சேற்றில் யானையின் அடிச்சுவடுகள், பெரியதும் சிறியதுமாகப் பதிந்திருந்தன. இளையவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தன் சிவப்பு வாளியைத் தேடினான்.

"அது கடல் பார்க்கப் போயிட்டுது, தம்பி" என்றார் பெரியவர், அடுப்பை மூட்டியபடி.